வாந்திக்குச் சரி, கட்டிக்கு?

நுரையீரல் புற்றுநோய் கண்ட தந்தையை, மாதேஸ்வரன் மலைப் பாதையிலுள்ள கௌதள்ளியிலிருந்து கீமோதெரபிக்காக மைசூருக்கோ பெங்களூர் கித்வாய்க்கோ அழைத்துப் போகும் மகனுக்கு, 'கொஞ்சம் கஞ்சா கொடுத்துப் பார்' என்ற யோசனை எங்கிருந்தாவது வந்துவிடும் (சொல்பவருக்கு என்ன போயிற்று?). யோசனையில் பாதி சரி. கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சியின் செயற்கை வடிவமான ட்ரோனாபினாலை, மற்ற மருந்துகளுக்கு அடங்காத கீமோ வாந்திக்கு அமெரிக்கா 1985இல் அனுமதித்தது. அதே ஆண்டுதான் இந்தியாவில், கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. கட்டி கரையும் என்பது மட்டும் இன்னும் நிரூபணமாகவில்லை. வாந்திக்கோ ஆண்டான்செட்ரான் மாத்திரை இருக்கிறது. பழுதான நுரையீரலுக்குப் புகை ஆகாது, தின்றாலும் சிக்கல்தான். கஞ்சாவிலுள்ள கன்னாபிடியால், எர்லோட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம்களைத் தடுக்கக்கூடியது. மருந்து உடம்பில் தேங்கலாம். போலீசுக்குப் பயந்து மகன் வாயைத் திறக்காவிட்டால், டாக்டர் காரணம் தெரியாமலே டோஸை மாற்றிக்கொண்டிருப்பார்.