டயாலிசிஸ் அசதிக்கு லேகியம் கேட்காதீங்க!

‘ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வந்தா உடம்பு தெம்பாத்தானே இருக்கணும்? இவர் என்னடான்னா வந்ததும் சுருண்டு படுத்துடறாரே!’ டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இருக்கும் வீடுகளில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். கையோடு, ‘தெம்புக்கு ஒரு லேகியம் கொடுங்க டாக்டர்’ என்ற வேண்டுகோளும் வரும்.

நான் கொடுப்பதில்லை. ‘சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?’ என்று கோபிக்காதீர்கள். அசதி வெறும் அடையாளம்தான்; அதன் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடிப்பதுதான் வைத்தியம்.

முதல் காரணம், ரத்தசோகை. ரத்த அணுக்களை உற்பத்தி செய்யத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் பழுதானால் அதுவும் குறைந்துவிடும். முருங்கைக்கீரை சூப்பும் பேரீச்சம்பழமும் அந்தக் குறையைத் தீர்க்காது. மாறாக, அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான். ஹார்மோன் ஊசியும், தேவைப்பட்டால் இரும்புச்சத்து ஊசியும்தான் வழி. ஹீமோகுளோபின் பொதுவாக 10 முதல் 11.5 கிராம் வரை இருந்தால் போதும். அளவுக்கு மீறி ஏற்றுவதும் ஆபத்து.

இரண்டாவது, தண்ணீர். நல்ல சிறுநீரகம் வாரம் முழுக்க, 168 மணி நேரமும் வேலை செய்கிறது. மெஷினுக்குக் கிடைப்பதோ 8 முதல் 12 மணி நேரம். இடையில் மூன்று, நான்கு லிட்டர் சேர்ந்துவிட்டால், அத்தனையையும் நாலு மணி நேரத்தில் உறிஞ்சியாக வேண்டும். ரத்த அழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்? ஆள் துவண்டுதான் போவார். அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம். உப்பு குறைந்தால் தாகம் குறையும். ரசம், மோர், காபி எல்லாமே தண்ணீர்க் கணக்குதாங்க!

மூன்றாவது, சாப்பாடு. டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன் ‘புரதத்தைக் குறைங்க’ என்று சொல்லியிருப்பார்கள். பல வீடுகளில் அந்தப் பத்தியத்தையே பிறகும் தொடர்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதச்சத்து கொஞ்சம் வெளியேறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 60 முதல் 72 கிராம் வரை புரதம் தேவை. முட்டையின் வெள்ளைக்கரு இதற்குக் கைகொடுக்கும். அளவை உங்கள் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, தூக்கம். ராத்திரி கால் குடைச்சலும் அரிப்பும் சேர்ந்தால் கண் மூட முடியுமா? இரண்டுக்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால்தானே கிடைக்கும்!

ஐந்தாவது, மனசு. குடும்பத்தையே தாங்கியவர், ‘எல்லாருக்கும் பாரமாயிட்டேனே’ என்று உள்ளுக்குள் உடைந்து போயிருப்பார். அவரைப் போய் ‘சோம்பேறி’ என்று சொல்லாதீர்கள். அதற்காகப் படுக்கையிலேயே வைத்திருப்பதும் தப்பு. தசை கரைந்து அசதி கூடும். டாக்டர் சம்மதித்தால், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பத்து நிமிஷம் நடக்க வையுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தினசரி எடை, தூக்கம், டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறார்... எல்லாவற்றையும் குறித்து, சிறுநீரக டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று கை கால் தளர்ந்தாலோ, படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தாலோ, ‘வழக்கமான அசதிதான்’ என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

‘எங்க மருந்தைச் சாப்பிட்டா டயாலிசிஸையே நிறுத்திடலாம்’ என்று ஆசை காட்டுகிறவர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். நம்பாதீங்க. சித்த மருந்தோ, கைவைத்தியமோ... சிறுநீரக டாக்டருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை சூரணம்கூட வேண்டாம். சித்த மருத்துவத்தின் மேல் உள்ள மரியாதையில்தான் இதைச் சொல்கிறேன்!