வண்டியை உயர்த்துமுன் கணக்குப் போடுங்கள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் லேண்ட் ரோவர் என்று சொன்னால் துரையின் வண்டிதான் கண் முன்னால் நிற்கும். 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டி, பிறகு மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் செம்மண் சாலையெல்லாம் ஓடிற்று. நான்கு சக்கரமும் இழுக்கும். அடியிலே பட்டை பட்டையான ஸ்பிரிங். ஏறி உட்கார்ந்தால் எலும்பு குலுங்கும், ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

அன்று அந்த வண்டியை எட்ட நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று ஹைலக்ஸ், ரேஞ்சர் என்று சொந்தத்தில் வாங்குகிறார்கள். விடுமுறை வந்தால் கூரைமேல் கூடாரம் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு காட்டுப் பக்கம் போய்த் தங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான். நம் ஜொகூரிலேயே காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் போனால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா. ஜக்குன் மக்கள் வாழும் இடம். ஆறும் அருவியும் நிறைந்த இடம். பிள்ளைகள் பார்க்க வேண்டியதே.

ஆனால் இதிலே ஒரு செய்தி இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் என்னிடம் படித்த தம்பி ஒருவர், ஜொகூர் பாருவில் வேலை செய்பவர், ஒரு பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்த வேண்டுமாம். பெரிய டயர், இரும்பு பம்பர் எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் வெள்ளி. வண்டித் தவணையே இன்னும் முடியவில்லை. பணத்துக்கு அம்மாவின் சேமநிதியைத்தான் நம்பியிருக்கிறார். “உயரமா இருந்தாத்தானே சார் காட்டுக்குப் போகலாம்?” என்று கேட்டார். “தம்பி, முதலில் கணக்குப் போடுவோம், பிறகு காசை எடுப்போம்” என்றேன். அன்று இருவரும் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே எண்ணத்தோடு இன்னும் பல வீடுகளில் பிள்ளைகள் இருப்பார்கள்.

முதல் கணக்கு எடை. பெரியவர் இருவர் 130 கிலோ, பிள்ளைகள் இருவர் 60 கிலோ. கூரைக் கூடாரம் 60. நாற்பது லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. அடுப்பு, பாத்திரம், அரிசி, ஐஸ் பெட்டி 50. இருபது லிட்டர் டீசல் 17. ஜாக்கி, கயிறு, சாவிகள் 40. இரும்பு பம்பரும் வின்ச்சும் 90. கூட்டினால் 487 கிலோ! ஏறக்குறைய அரை டன். வண்டி எவ்வளவு சுமக்கலாம், கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். ஸ்பிரிங்கை மாற்றினால் அந்த அளவு கூடிவிடாது. அச்சும் பிரேக்கும் பழையவைதானே?

ஆகவே ஸ்பிரிங்கை எடைக்குத் தக்கபடிதான் வாங்க வேண்டும். 300 கிலோ எப்போதும் ஏற்றி ஓடுபவருக்கு ஒரு ஸ்பிரிங், வெறும் வண்டியாக ஓட்டுபவருக்கு வேறொரு ஸ்பிரிங். ஆண்டில் இரண்டு முறை முகாமுக்குப் போய்விட்டு மற்ற நாளெல்லாம் காலியாக வேலைக்கு ஓட்டுகிறவர் கனத்த ஸ்பிரிங் போட்டால், வண்டி கல்லிலே குதிக்கும் தவளையாகிவிடும். மழை நேரத்தில் பின்சக்கரம் வழுக்கவும் செய்யும். ஸ்பிரிங்கை மாற்றும்போது அதற்கு ஏற்ற நீளமுள்ள அப்சார்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இரண்டாவது கணக்கு உயரம். பலரும் ஏமாறுவது இங்கேதான். பிக்கப் வண்டியின் பின் அச்சு நடுவில், பானை போலத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், கல்லில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்கை நான்கு அங்குலம் உயர்த்தினாலும் அந்தப் பானை ஒரு மயிரிழைகூட உயராது. உடல்தான் மேலே போகும். பானையை உயர்த்துவது டயர் ஒன்றுதான். டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் பானை ஓர் அங்குலம் உயரும். அதற்கும் விலை உண்டு: டயர் பெரிதானால் எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகவே ஓடும்.

அப்படியானால் உயர்த்துவதில் பயனே இல்லையா? உண்டு. மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காது, வயிற்றுப் பகுதி தட்டாது, சற்றுப் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். இதற்கெல்லாம் இரண்டு அங்குலம் பெரும்பாலும் போதும். அதற்கு மேலே போனால் முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள் கோணலாகி, மூட்டு ரப்பர் கிழியும். பிரேக் குழாய் இழுபடும். சக்கர நேர்ப்பாடு கெடும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றை வாங்க வேண்டியதாகும்.

மூன்றாவது கணக்கு கவிழ்வது. வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்து பாருங்கள். ஒரு பலகையைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் தீப்பெட்டியைப் படுக்க வையுங்கள், நிற்கும். அதே பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள், விழும். பெட்டியும் ஒன்று, எடையும் ஒன்று. எடை இருக்கும் உயரம்தான் வேறு. வண்டியை நான்கு அங்குலம் தூக்கி, அதன் தலையில் 60 கிலோ கூடாரத்தையும் கட்டி, நெடுஞ்சாலையில் சடாரென்று திருப்பினால் என்ன ஆகும்? பின்னால் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள் அல்லவா!

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “வண்டி உசரம், வெள்ளத்தில் போகலாம்” என்பது ஆபத்தான நம்பிக்கை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று. உயர்த்திய வண்டியின் முன்விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். விடியற்காலை இருட்டில் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! வண்டியை உயர்த்தியதும் விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்வது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியை நம் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. பட்டறைக்காரர் “எல்லாரும் செய்றாங்க” என்பார். அவர் சொல்லைக் கேட்டுக்கொண்டு, ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் நாமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்பட்டால் அந்தத் தவணையை யார் கட்டுவது?

இனி வரிசையைச் சொல்கிறேன். முதலில் எங்கே போகப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். முகாம் பொருள்களையெல்லாம் ஏற்றி வண்டியை எடைபோடுங்கள். நல்ல மண்சாலை டயர் போட்டு, இருக்கிற உயரத்திலேயே ஒருமுறை போய் வாருங்கள். சேற்றிலும் மணலிலும் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் காசில்லாமலே வண்டி ஏறும். தார்ச்சாலைக்கு வருமுன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். எங்கே இடித்தது, எங்கே தொங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் தேவையென்றால், எடைக்குப் பொருந்திய ஸ்பிரிங்கும் அப்சார்பரும் போட்டு இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள். சக்கர நேர்ப்பாடு பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இரும்பு பம்பரையும் வின்ச்சையும் விட்டுவிட்டார். 90 கிலோ குறைந்தது. டயர் மட்டும் மாற்றிக்கொண்டு, வறண்ட மாதத்தில் குடும்பத்தோடு பெத்தாவுக்குப் போய் வந்தார். அம்மாவின் சேமநிதி அப்படியே இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஊர் சுற்றட்டும், காடு பார்க்கட்டும், தடுக்காதீர்கள். காசு கேட்டு வரும்போது மட்டும், “எத்தனை கிலோ ஏற்றப் போகிறாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் நம்பி வண்டியைக் கொடுக்கலாம்.