பிளாஸ்டிக் புலிகள்

காட்டுக்குப் போய்வந்த நண்பர்கள் காட்டும் புலிகள் எல்லாம், இப்போதுதான் சலூனிலிருந்து வந்தாற்போல் வழவழவென்று இருக்கின்றன. ஏன் சார்? விடியற்காலை, ஐ.எஸ்.ஓ. 6400. வெளிச்சம் போதாததால் படம் முழுக்கப் புள்ளி, அதாவது 'நாய்ஸ்'. உடனே ஸ்லைடரை வலது கோடிவரை இழுத்துவிடுகிறீர்கள். புள்ளியோடு மயிரும் போச்சு, மீசையும் போச்சு! சிவப்பு, பச்சையாகத் தெரியும் நிறப்புள்ளிகளைத் துடையுங்கள், போதும். மற்ற மணல்மணலானவற்றைப் பாதியாவது விட்டுவையுங்கள்.

நிறமும் அப்படித்தான். சோலைக்குள் இலைகள் வழியே வரும் வெளிச்சத்தில் நீலகிரிக் கருமந்தி பச்சையடிக்கும். ரா ஃபைல் இருந்தால் வொயிட் பேலன்ஸை மாற்றி அதைக் கறுப்பாக்கலாம், தப்பில்லை. விடியலின் நீலத்தையும் 'சரிசெய்து' மத்தியானமாக்குவதுதான் பொய். வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர் போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்தால் ரா ஃபைலைக் கேட்பார்கள். உங்களிடம் இருக்கிறதா, அழித்தாயிற்றா?