விகடகவியைத் திருப்பத் தெரியாத கணிப்பொறி



தெனாலி ராமன் கதை தெரியாத பிள்ளைகள் நம் சித்தூர்ப் பக்கத்தில் இருக்க முடியாது. பள்ளியில் தெலுங்கில் கேட்கிறார்கள். வீட்டில் பாட்டி தமிழில் சொல்கிறாள். காளி தேவி கொடுத்த பட்டம் விகடகவி. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல். தமிழிலும் சரி, தெலுங்கிலும் சரி, இந்த விளையாட்டு பலிக்கிறது. கணிப்பொறியில் மட்டும் பலிக்கவில்லை.

சாந்திபுரத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் நம் தமிழ் வகுப்பில், எழுத்துப் பாடம் முடிந்த பிறகு பெரிய பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சொல்லித் தருகிறேன். கைடோ வான் ராசம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991-இல் வெளியிட்ட மொழி அது. இன்று பள்ளிக்கூடம் முதல் விஞ்ஞானக் கூடம் வரை புழங்குகிறது. ஒரு சொல்லைத் திருப்பி எழுதி, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் சிறு புரோகிராம்தான் அன்றைய பாடம். ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாக விடை வந்தது. 'விகடகவி' என்று கொடுத்தோம். 'இல்லை' என்றது. திருப்பிய சொல்லைத் திரையில் பார்த்தால், முதலில் ஓர் இகரக் கொம்பு ஆதரவின்றி அந்தரத்தில் தொங்குகிறது. கடைசியில் கொம்பிழந்த ஒரு 'வ' நிற்கிறது.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுத்தை எண்ணச் சொல்லிப் பார்த்தாள். "மாமா, கம்ப்யூட்டர்ல ஏழுன்னு வருது. நீங்க அஞ்சு எழுத்துன்னு சொன்னீங்களே?" என்றாள்.

வி, க, ட, க, வி. ஐந்துதான். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவள் என் விரலைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. வாரம் முழுக்கத் தெலுங்கும் ஆங்கிலமும் படித்துவிட்டு, ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் தமிழ் எழுத்தைத் தொடும் பிள்ளை அவள். 'வி' என்பது ஓர் எழுத்து, 'ம்' என்பது ஓர் எழுத்து, மொத்தம் 247 என்று நான் சொல்வதற்கும், 'இல்லை, அது இரண்டு' என்று கணிப்பொறி சொல்வதற்கும் இடையே அவள் யாரை நம்புவாள்? நான் அவள் வயதில் இருந்தால் கணிப்பொறியைத்தான் நம்பியிருப்பேன்.

கோளாறு எங்கே இருக்கிறது? யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டது 128 இடங்கள். அதில் 'வ' ஒரு குறி, இகரக் கொம்பு தனிக் குறி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் திரையில் 'வி' என்று சேர்ந்து தெரியும். புள்ளியும் அப்படித்தான். நம் இலக்கணப்படி க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க. யூனிகோடிலோ க-வின் மேல் புள்ளி வைத்தால்தான் க். தொல்காப்பியர் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்ததும் உண்மை. ஆனால் நம் கைப்பேசிகளிலும் கணிப்பொறிகளிலும் நிலைத்தது யூனிகோடுதான். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடுக்காரர்களின் கொள்கை. எனவே அந்தச் சண்டை முடிந்துபோன சண்டை; அதை மேடையில் மறுபடி மறுபடி போடுவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

இப்போது பைத்தானுக்கு வருகிறேன். 2008 டிசம்பர் 3 அன்று அதன் 3-ஆம் பதிப்பு வெளிவந்தது. பழைய 2-ஆம் பதிப்பில் எழுதியவை பல புதியதில் ஓடவில்லை. உலகமெங்கும் புரோகிராம் எழுதுவோர் முணுமுணுத்தார்கள். பழையதற்கே பல ஆண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் நிறுத்துவதாக இருந்த பழைய பதிப்பின் ஆதரவை நீட்டி, கடைசியில் 2020 ஜனவரி 1 அன்றுதான் முடித்தார்கள். பதினோரு ஆண்டு இழுபறி!

அந்த இழுபறியில் நமக்கு என்ன லாபம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். பழைய பதிப்பில் விகடகவியைச் சாதாரணமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 21 என்று வரும். ஏனென்றால் அது எழுத்தை எண்ணவில்லை. எழுத்தைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணியது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. திருப்பச் சொன்னால் தமிழே இல்லாத குப்பை வரும். புதிய பதிப்பு எல்லா மொழிச் சொல்லையும் யூனிகோடாகவே எடுத்துக்கொள்கிறது. 21 என்பது 7 ஆயிற்று. அதோடு, புரோகிராமுக்குள் 'கூலி', 'வட்டி' என்று தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. ஆங்கிலம் மட்டும் எழுதியவருக்கு அந்த மாற்றம் வெறும் தொல்லை. நமக்கு அது வாசல் திறந்த மாதிரி.

(இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வண்டி வாடகை 1250 ரூபாயை நான்கு குடும்பத்துக்குப் பங்கிடச் சொன்னால், பழைய பதிப்பு முழு எண்ணில் வகுத்து 312 என்று நிறுத்திக்கொள்ளும். 2 ரூபாய் மாயமாகும். புதியது 312.5 என்று சொல்லும். பொருளாளர்கள் கவனிக்க.)

21 ஏழானது மொழியை ஆக்கியவர்களின் வேலை. ஏழு ஐந்தாக வேண்டுமே, அது யார் வேலை?

அவர்களால் முடியாததல்ல. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எண்ணுகிறது. அதில் விகடகவி ஐந்துதான். பைத்தான் அப்படிச் செய்யவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வோர் அக்டோபரிலும் அதில் ஒரு புதுப் பதிப்பு வருகிறது. 2025 அக்டோபரில் வந்த 3.14-ஐயும் இறக்கிப் பார்த்தேன். வேகம், ஒரே நேரத்தில் பல வேலை என்று எத்தனையோ மேம்பாடுகள். விகடகவி மட்டும் ஏழாகவே இருக்கிறது. நான் அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். நீளம் எண்ணும் முறையை மாற்றினால் உலகத்துப் புரோகிராம்கள் மறுபடி உடையும். பதினோரு ஆண்டு பட்ட பாட்டை இன்னொரு முறை பட யார் சம்மதிப்பார்கள்?

ஆகவே அது நம் வேலை. பாதியை நம்மவர்கள் முடித்தும் வைத்திருக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பு, பைத்தானோடு சேர்ந்து வேலை செய்கிறது. அதனிடம் விகடகவியைக் கொடுத்தால் வி, க, ட, க, வி என்று ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் அதைக் காட்டினேன். "அப்ப முன்னாடி சொன்னது தப்பா மாமா?" என்றாள். தப்பில்லை, அது குறியை எண்ணியது, நீ எழுத்தை எண்ணு என்றேன். புரிந்த மாதிரிதான் இருந்தது.

அதே முத்தையா அண்ணாமலை 'எழில்' என்று முழுக்கத் தமிழ்ச் சொற்களால் ஆன நிரல்மொழியும் செய்திருக்கிறார். 'பதிப்பி' என்றால் அச்சிடும். நிபந்தனையை முதலில் எழுதிப் பின்னால் 'ஆனால்' போட வேண்டும். நாம் பேசுகிற வரிசையே அது. எழில் படித்தால் வேலை கிடைக்குமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். கிடைக்காது. வேலைக்குப் பைத்தான் இருக்கிறது. தமிழ் படிக்கச் சோம்புகிற பிள்ளை, புரோகிராம் ஓட வேண்டும் என்பதற்காகவாவது 'ஆனால்', 'இல்லை' என்பதைப் பிழையில்லாமல் எழுதுகிறதே, எனக்கு அது போதும்.

இனி என் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் சங்கத்து உறுப்பினர் அட்டையை அச்சிடும் புரோகிராம் நான் எழுதியது. பெயருக்கு 16 இடம் விட்டேன். பதினாறு எழுத்துக்கு மேல் யாருக்குப் பெயர் இருக்கப்போகிறது என்ற நினைப்பு. ஒரு பையன் பெயர் முத்துக்கிருஷ்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள் (வீட்டார் கோபித்துக்கொள்ளாதிருக்க அதே நீளத்தில் வேறு பெயர் சொல்கிறேன்). எழுத்து ஒன்பதுதான். ஆனால் குறிகள் 17. பதினேழாவது குறி கடைசிப் புள்ளி. அட்டையில் 'முத்துக்கிருஷ்ணன' என்று அச்சாகி வந்தது. "பிள்ளை பேருக்குப் புள்ளி வைக்கக்கூட சங்கத்துல இடமில்லையா அண்ணா?" என்று அந்தத் தாயார் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நம் அட்டை என்பதால் திருத்திவிட்டோம். பரீட்சைச் சான்றிதழிலோ நிலப் பத்திரத்திலோ இப்படி ஒரு புள்ளி போனால் எத்தனை அலைச்சல் என்பது, பெயரில் ஓர் எழுத்து மாறி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

புள்ளிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. விண்டோஸ் கணிப்பொறியில் தமிழ்க் கோப்பு ஒன்றைப் பைத்தான் கொண்டு படிக்கும்போது, இது யுடிஎஃப்-8 முறையில் எழுதியது என்று நாம் சொல்லாவிட்டால், அது பழைய ஐரோப்பியக் குறியீடு என்று எண்ணிக்கொள்கிறது. புள்ளியின் மூன்றாவது பைட்டு அந்தப் பழைய குறியீட்டில் காலியாக விட்ட இடம். உடனே பிழை என்று நின்றுவிடுகிறது. புள்ளியில்லாமல் எழுதிய ஓலைச்சுவடி என்றால் ஒருவேளை தாண்டிப் போயிருக்குமோ என்னவோ! தாண்டினாலும் திரையில் வருவது குப்பைதான். கோப்பைத் திறக்கும் வரியில் யுடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. 3.15 பதிப்பிலிருந்து சொல்லாமலே அப்படி எடுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு, என்னைக் கேட்டால், 2008-லேயே செய்திருக்க வேண்டியது.

அகரவரிசை இன்னொரு தலைவலி. சென்ற முறை நம் குடும்பக் கையேட்டில் கமலாவுக்கு முன்னால் கன்னியப்பன் வந்துவிட்டதாகப் பெரியவர்கள் குறைப்பட்டார்கள். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ற என்பது ர-வுக்குப் பக்கத்தில். பைத்தான் அந்த எண் வரிசைப்படியே அடுக்கும். இதற்கும் ஓப்பன்-தமிழில் வழி இருக்கிறது. 'கொ' என்பதில் வரும் ஒகர அடையாளத்தை ஒரே குறியாகவும், முன்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்க முடியும். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு வேறு. தேடும்போது பாதிப் பேர் கிடைக்காமல் போவது இதனால்தான்.

நம் அக்கம்பக்கத்துத் தெலுங்கர்களுக்கும் இதே கதைதான். 'தெலுகு' என்று அவர்கள் மொழியில் எழுதினால் மூன்று எழுத்து; பைத்தான் ஆறு என்கிறது. 2018 பிப்ரவரியில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். ஞானம் என்பதற்கு அவர்கள் எழுதும் 'ஜ்ஞா' என்ற ஓர் எழுத்து செய்தியில் வந்தால் போதும், புதிதாக வந்திருந்த மென்பொருள் ஏற்றிய ஐபோன்களில் அந்தச் செயலியே முடங்கிப்போனது. உலகமெல்லாம் சத்தம் போட்டார்கள்; 19-ஆம் தேதி 11.2.6 என்ற திருத்தப் பதிப்பு வந்துவிட்டது. வெளியிடும் முன் தெலுங்கு ஞானத்தை யாரும் சரியாக அடித்துப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் கேட்கிறேன். பெங்களூரிலும் ஹைதராபாதிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் உறுப்பினர் வீடுகளில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போது புதுப் பதிப்பின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஒரு புதுப் பதிப்பு வந்த அன்று, தம் அப்பா பெயரைத் தமிழில் கொடுத்து எண்ணவும் திருப்பவும் அடுக்கவும் சொல்லிப் பார்த்தவர் எத்தனை பேர்? பார்த்துப் பிழை கண்டால், அதை உருவாக்குகிறவர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடலாமே. பைத்தானும் ஓப்பன்-தமிழும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடியவை. தமிழுக்குப் பரிவாகப் பேசுகிறவர் நம்மிடம் நிறைய. தமிழைச் சோதித்துப் பார்க்கிறவர்தான் குறைவு.

இவ்வாண்டுக் குடும்பக் கையேட்டைப் புதிய முறையில் அடுக்கியிருக்கிறேன். கமலாவுக்குப் பின்னால்தான் கன்னியப்பன். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புத் தாள்களை ஞாயிறு வகுப்பு நடக்கும் இடத்தில் மேசைமேல் வைத்திருப்பேன். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவராவது வந்து, உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, கடைசிப் புள்ளி இருக்கிறதா என்று கவனித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் பிள்ளைகளையே அனுப்புங்கள், அவர்கள் எண்ணட்டும்.