அறுத்த உடலும் அடைத்த வாயும்

"புறவழகு பொய், அகவழகே மெய்" என்னும் தலைப்பில் மாணவரிடம் கட்டுரை வாங்கித் திருத்தாத தமிழாசிரியர் இந்நாட்டில் ஒருவரேனும் உளரோ? நானும் திருத்தியவனே, முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வந்தவன். அக்கட்டுரைகளில் தவறாமல் ஒரு பெண் வருவாள். இயற்கை தந்த உடலை அவள் வெறுப்பாள். பணத்தைக் கொட்டி வயிற்றையோ இடையையோ அறுத்துச் செதுக்கிக்கொள்வாள். இறுதிப் பத்தியில் அதற்குரிய தண்டனையைப் பெறுவாள். பிள்ளைகள் இவ்வாறு எழுதுவதில் வியப்பில்லை. நாம் கற்பித்ததை எழுதுகிறார்கள். நம் ஆண்டு மலர்களிலும் தொகுப்பு நூல்களிலும் பெரியவர்களாகிய நாம் எழுதும் கட்டுரைகளிலும் அதே பெண்தான் வருகிறாள்; அதே தண்டனையைத்தான் பெறுகிறாள். அந்தக் கட்டுரை தவறு என்று சொல்லவே இதனை எழுதுகிறேன். தவறு என்பதோடு நில்லாமல், அஃது ஆளைக் கொல்லவும் கூடியது என்று சொல்லப் போகிறேன். சினம் கொள்வோர் கொள்க.

என்னிடம் ஆறாண்டுகள் பயின்ற மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஜொகூர் பாருவை அடுத்த வட்டாரத்தில் வாழ்பவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "ஐயா, டீச்சர் இருக்காங்களா?" என்று என் மனைவியைத்தான் கேட்டாள். இருவரும் அறைக்குள் சென்று நெடுநேரம் பேசினர். வெளியே வந்த என் மனைவியின் முகம் வெளிறியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொங்கிய வயிற்றுத் தோலை அகற்றி, விலகிய தசையை இழுத்துத் தைக்கும் அறுவையை அவள் ஒரு தனியார் இடத்தில் செய்துகொண்டிருக்கிறாள். எட்டு மாதங்களாக அடிவயிற்றில் ஒரு வீக்கம். நடந்தால் உள்ளே நீர் தளும்புவதுபோல் ஓர் உணர்வு. அறுவை செய்தவர்கள் "பொறுங்கள், தானே வடியும்" என்றே சொல்லி வந்தனர். கணவனிடம் சொல்லவில்லை. மாமியாரிடம் ஒருமுறை வாய் திறந்தபோது, "காசு குடுத்து வாங்கிக்கிட்ட நோவு, நீதான் அனுபவிக்கணும்" என்ற விடை கிடைத்ததாம். அரசு கிளினிக்குக்கும் போயிருக்கிறாள். அங்கிருந்த மருத்துவரிடம் அவள் சொன்னவை மலாயில் இரண்டே சொற்கள்: "பெங்காக் சிக்கிட்". கொஞ்சம் வீக்கம் என்பது பொருள். அறுவை நடந்ததை அவள் சொல்லவே இல்லை. காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வந்தாள்.

பின்னர் அறுவை வல்லுநர் ஒருவரைக் கண்டபோது உண்மை விளங்கிற்று. தோலைத் தசையிலிருந்து பிரித்தெடுக்கும் இவ்வகை அறுவைகளில், இடையில் உண்டாகும் வெற்றிடத்தில் ஊன்நீர் தேங்குவது மிகப் பரவலாக நேரும் சிக்கலாம். முதல் சில வாரங்களில் கண்டுகொண்டால், ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம், சிலருக்குப் பலமுறை எடுக்க நேரும், அவ்வளவே. மாதக்கணக்கில் விட்டுவிட்டாலோ, அந்நீரைச் சுற்றி உடலே ஒரு பை கட்டிவிடுகிறது. அதன்பின் ஊசி பயன்படாது. எடுக்க எடுக்க ஊறும். மீண்டும் அறுத்து அப்பையையே அகற்ற வேண்டும். ஓர் ஊசியில் முடிந்திருக்க வேண்டியது இரண்டாவது அறுவையாயிற்று. இடையில் இருந்தவை எட்டு மாத வெட்கம்.

அவ்வெட்கத்தை அவளுக்குக் கற்பித்தவர் யார்? மாமியாரை மட்டும் பழிப்பது எளிது. ஆறாம் ஆண்டில் அவள் எழுதிய கட்டுரை எனக்கு நினைவில்லை. ஆயினும் "புறவழகு பொய்" என்பதை நான் கரும்பலகையில் எழுதியது உறுதியாக நினைவிருக்கிறது.

இத்தகைய அறுவைகளுக்குப் பின் ஒரு பெண்ணோ ஆணோ (ஆண்களும் செய்துகொள்கிறார்கள், அவர்களைப்பற்றி நாம் கட்டுரை எழுதுவதில்லை) அறிந்திருக்க வேண்டியவை யாவை? காலத்தை வைத்தே முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், குளிரோடு கூடிய காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சூடான சிவப்பு, தோல் கருத்துப்போதல், நாற்றமுள்ள கசிவு, வயிறு கல்லாய் இறுகி வாந்தி எடுத்தல் - இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நாள் பார்த்தல் கூடாது; அறுவை செய்தவரின் சமாதானத்திற்காகக் காத்திருத்தலும் கூடாது. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, "இன்ன நாளில் இன்ன அறுவை செய்துகொண்டேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். குருதிக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கலாம். கொழுப்பை உறிஞ்சும் குழாய் குடலைத் துளைத்திருக்கலாம். அந்த முதல் வாக்கியத்தை மறைத்தால், மருத்துவர் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார்.

இவற்றுக்கு நேர்மாறாக, அஞ்ச வேண்டாதவையும் உண்டு. வீக்கம், கன்றல், மரத்துப்போதல், தொட்டால் கட்டிகட்டியாய்த் தட்டுப்படுதல், ஒருபுறம் முன்னதாகவும் மறுபுறம் பின்னதாகவும் வற்றுதல் ஆகியவை முதல் மாதங்களில் இயல்பானவை. வீக்கம் முற்றும் அடங்க மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். தழும்பு முதிர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். இரண்டாம் வாரத்திலேயே கண்ணாடி முன் நின்று அழுவாரும் உளர். மூன்றாம் வாரத்திலேயே "இன்னொரு தரம் எடுத்துச் சரிசெய்து தருகிறோம், பாதிக் கட்டணம்" என்பாரும் உளர். பின்னவரிடமிருந்து ஓடிவிடுக. ஆறாத புண்ணின்மீது வடிவத்திற்காக மீண்டும் கத்தி வைப்பவன், மை காயுமுன் அழிப்பானால் தேய்க்கும் சிறுவனைப் போன்றவன், தாள்தான் கிழியும்.

ஆறு மாதமோ ஓராண்டோ கடந்தபின்னும் நிலைத்து நிற்கும் குறைகளே மறு அறுவைக்கு உரியவை. அளவுக்கு மீறிக் கொழுப்பை உறிஞ்சிய இடத்தில் குழி விழுந்திருக்கும். பக்கவாட்டில் ஒளி படும்போது அது நிழலாய்த் தெரியும். தோல் அடித்தசையோடு ஒட்டிக்கொண்டிருந்தால், தசையை இறுக்கும்போது தோலும் உள்ளிழுக்கப்படும். தளர்ந்த தோலை விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் எடுத்தவர்களுக்குத் தோல் வெற்றுப்பைபோல் தொங்கும். தையலின் முனைகளில் சதை கூம்பாய்த் துருத்தும். தழும்பு அகன்று மேலேறும். தொப்புள் ஒருபுறம் சாயும். இவற்றை அறிய ஒரு நல்ல வழி, ஒரே இடத்தில், ஒரே ஒளியில், நின்றநிலையில், மாதத்திற்கு ஒருமுறை படம் எடுத்து வைத்தலாகும். நினைவு ஏமாற்றும், படம் ஏமாற்றாது. மூன்று மாதப் படங்களில் மாற்றமே இல்லையெனில் உடல் தன் வேலையை முடித்துவிட்டது என்க.

அப்பொழுதும் உடனே அறுக்கலாகாது. மறு அறுவை முதல் அறுவையினும் கடினமானது; உள்ளே தழும்புத் திசு இறுகியிருக்கும், குருதியோட்டம் குறைந்திருக்கும். உடல் எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும்; புகைப்பவர் அதனை விட்டொழிக்க வேண்டும். முதல் அறுவையில் எங்கிருந்து எவ்வளவு எடுத்தார்கள், என்ன மயக்கம் கொடுத்தார்கள் என்னும் குறிப்பு இரண்டாம் மருத்துவருக்குத் தேவை. அதனை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. கேட்டவுடன் முகம் கறுக்கும் இடம் எத்தகையது என்பதும் அப்போதே விளங்கிவிடும். பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தாம் மட்டும் கண்டு, மூன்றாவது நான்காவது அறுவை தேடி அலைவாரும் உளர். அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவரின் துணை. "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த அறுவை மருத்துவர் அத்தகையோர்க்குக் கிடைத்தற்கரிய நண்பர்.

இவ்வளவையும் நம் கட்டுரைகள் ஒரே சொல்லில் மூடிவிடுகின்றன: "பேராசை". அச்சொல் யாருக்கு உதவுகிறது என்று எண்ணிப் பார்த்தோமா? 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸ் வட்டாரத்து அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சப்பெற்ற 23 வயதுப் பெண் உயிரிழந்தாள். தனியார் உடல்நலப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் இந்நாட்டில் 1998-இல் இயற்றப்பட்டு 2006-இல் நடப்புக்கு வந்தது. உரிமமின்றி மருத்துவ நிலையம் நடத்தும் தனியாளுக்கு 3 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அச்சட்டம். சட்டம் இருக்கிறது. ஆயினும் முகத்துக்குக் களிம்பு பூசும் கடையின் பின்னறையில் கத்தியும் குழாயும் எப்படி நுழைகின்றன? கேட்பார் இல்லாததால் நுழைகின்றன. இரகசியமாய்ச் செய்துகொள்ள விரும்புபவள், மருத்துவமனையின் முன்வாசலைவிட கடையின் பின்வாசலையே நாடுவாள். நாம் ஏசும்தோறும் அந்தப் பின்வாசல் அகலமாகிறது.

முன்வாசலும் எப்போதும் காப்பாற்றுவதில்லை என்பதை நான் மறைக்கவில்லை. நம் ஜொகூரிலிருந்து பாலம் கடந்தால் வரும் சிங்கப்பூரில், 2009 டிசம்பர் 30-ஆம் நாள், 44 வயது நிறுவன நிர்வாகி ஒருவர் ஒரு கிளினிக்கில் கொழுப்பு உறிஞ்சிக்கொண்ட அன்றே மாண்டார். குடலில் துளைகள் பல இருந்தன. உயிரைப் பறித்தது மயக்க மருந்தால் அடைபட்ட மூச்சுக்குழல். அவருக்குச் சிகிச்சை செய்த இருவரும் பதிவுபெற்ற மருத்துவர்களே. ஆனால் அம்மயக்க மருந்தைக் கையாளும் தகுதி அவர்களுக்கு இல்லை. 2018-இல் சிங்கப்பூர் நீதிமன்றம் ஒருவரின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கியது; மற்றவரை மூன்றாண்டு இடைநீக்கம் செய்தது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ், 21 வயதில், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப்பின் இறந்தார். அச்செய்தியை வாசித்த நம்மவர் பலர் கேட்ட முதற்கேள்வி, "அவள் ஏன் செய்துகொண்டாள்?" என்பதே. "மயக்க மருத்துவர் இருந்தாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்ததா?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

"அப்படியானால் அறுத்துக்கொள்ளச் சொல்கிறீரா?" என நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். இல்லை. என் மகள் கேட்டால் பத்து முறை யோசிக்கச் சொல்வேன். இது எடை குறைக்கும் வழியன்று என்பேன். ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினாலே அதனைப் பேரளவு என்று மருத்துவம் தனியே வகுத்து எச்சரிக்கிறது என்பேன். 1920-களில் பாரீசில் பெண்ணொருத்தியின் காலை மெலிவிக்க முயன்ற துயாரியே என்னும் மருத்துவர், அக்காலையே வெட்டி எடுக்க நேர்ந்த கதையையும் சொல்வேன். ஆனால் அவள் செய்துகொண்டபின் வந்து நின்றால், அக்கதைகளுள் ஒன்றையும் சொல்ல மாட்டேன். காரோட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவேன். முன் சொல்வதும் பின் செய்வதும் வேறு வேறு என்பதை நம் கட்டுரைகள் மறந்துவிட்டன.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். மேடை ஏறினால் சுசுருதரின் மூக்கறுவையைப் பேசாத தமிழாசிரியர் அரியர். திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்த நம் நாட்டுக் கைத்திறனை, 1794-இல் இலண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது என்று மார் தட்டுகிறோம். சிதைந்த வடிவைச் சீர்செய்தல் அங்கே பெருமை. பிள்ளை பெற்றுத் தசை விலகிய தாயின் வயிற்றில் செய்தால் இழிவு. மூக்குக்கு ஒரு நீதி, வயிற்றுக்கு ஒரு நீதியா?

நாம் செய்யக்கூடியது மருத்துவமன்று, மொழி. எட்டு மாதம் "பெங்காக் சிக்கிட்" என்ற இரு சொற்களுக்குள் ஒரு பெண் அடைபட்டுக் கிடந்தாள். எங்கே, எப்போதிலிருந்து, கூடுகிறதா குறைகிறதா, தொட்டால் எப்படி, முன்பு என்ன செய்துகொண்டாய் என்னும் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்லிப் பழகாதவள், மலாயிலும் ஆங்கிலத்திலும் எப்படிச் சொல்வாள்? நலக்கல்விப் பாடத்தில் உடலுறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்விக்கிறோம். அவ்வுறுப்பில் நேர்ந்ததைப் பிறரிடம் சொல்லும் நான்கு வாக்கியங்களைக் கற்பிப்பதில்லை. மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் தேசிய வல்லுநர் பதிவேட்டிலும் எவரும் தேடிப் பார்க்கலாம் என்பதை எத்தனை தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம்? என் பள்ளியிலும் அண்மைக்காலம் வரை ஒருமுறையும் சொன்னதில்லை.

இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவருக்குப் பழைய தலைப்பைக் கொடுக்கவில்லை. "மருத்துவரிடம் சென்றபோது நான் சொன்னவை" என்று கொடுத்தேன். ஆசிரியர் அறையில் சிலர் சிரித்தனர். இது கட்டுரைத் தலைப்பா என்றனர். பெரும்பாலான பிள்ளைகள் பல்வலியும் காய்ச்சலும் எழுதியிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் தன் பாட்டியைப்பற்றி எழுதியிருந்தாள். பாட்டி கிளினிக்கில் எது கேட்டாலும் "சாக்கிட்" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வாராம். எங்கே வலி என்பதைத் தன் காதில் சொல்ல, தான்தான் மருத்துவரிடம் சொல்வாளாம். ஓரிடத்தை மட்டும் பாட்டி தன்னிடமும் சொல்லவில்லை என்று முடித்திருந்தாள். அந்தத் தாளில் நான் மதிப்பெண் இடவில்லை. அன்று மாலை அந்தப் பிள்ளையின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன்.