தரமுயர்த்தலின் விலை

பிரித்தானியாவின் ஸ்கை நிறுவனம் 2016ஆம் ஆண்டில் 'ஸ்கை கியூ' முறையை அறிமுகஞ் செய்தபோது, பல அறைகளிற் செய்மதித் தொலைக்காட்சி பார்த்துவந்த இல்லத்தார் ஒரு கணக்குப் போட நேர்ந்தது. மாதச் சந்தா எவ்வளவு கூடும் என்பதே அக்கணக்கு. அது அரைக்கணக்கேயாகும்.

பழைய முறையில் ஒவ்வோர் அறையின் பெட்டியும் அலைவாங்கியிலிருந்து தனிக்கம்பி வழியே சமிக்ஞை பெற்றது. பெட்டி பெரும்பாலும் வீட்டாரின் உடைமை. சந்தாவை நிறுத்தினாலும் இலவச அலைவரிசைகள் அதிற் தெரிந்தன. புதிய முறையிலோ பிரதான பெட்டி மட்டுமே அலைவாங்கியுடன் இணைந்தது; ஏனைய அறைகளின் சிறு பெட்டிகள் அதன் தயவிலேயே இயங்கின. அனைத்தும் இரவற் பொருள்கள். சந்தா முடிந்தால் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அலைவாங்கியின் சமிக்ஞை ஏற்கும் முனையும் மாற்றப்பட்டமையாற் பழைய பெட்டிகள் பெரும்பாலும் பயனற்றுப் போயின. அவற்றிற் சேமித்த பதிவுகளும் புதியதற்கு மாற்றப்படவில்லை.

ஓர் அறையில் இடைநிறுத்திய நிகழ்ச்சியை மற்றோர் அறையில் தொடரலாமே என்பர் சிலர். அவ்வசதி உண்மையே. ஆயினும், அதன் முழுவிலை கட்டணப் பட்டியலில் இடம்பெறவில்லை. உடைமையாளன் வாடகைக்காரனானான், மீளும் வழியும் செலவு மிக்கதாயிற்று.

ஆகவே, ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான தொகை, கைவிடப்படும் பெட்டிகளின் பெறுமதி, பழைய நிலைக்கு மீளுஞ் செலவு ஆகிய மூன்றையுஞ் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும். சந்தா வேண்டாத ஃபிரீசாற் சேவை 2008 முதல் அந்நாட்டில் உள்ளமையையும் மறுதட்டில் இடவேண்டும். இவற்றைக் கூட்டாது 'தரமுயர்வு' என்ற சொல்லுக்கு மயங்கும் குடும்பம், தன் தரத்தையன்று, நிறுவனத்தின் வருமானத்தையே உயர்த்துகின்றது.