புல்லுக்கும் கோரைக்கும் ஒரே மருந்தா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில், நம் நகரங்களின் புறநகர்க் குடியிருப்புகளில் புல்தரைகளின் தோற்றம் மாறிவிடுகிறது. கொரியன் புல் பதித்த இடத்தில் கோரை தலைநீட்டுகிறது. இட்லிப்பூவும் செம்பருத்தியும் சாமந்தியும் வைத்த பாத்திகளுக்குள் அருகம்புல் கொடி ஓடுகிறது. பெரும்பாலும் இவை வெளியிலிருந்து வந்தேறியவை அல்ல. புல் பதிப்பதற்கு முன் லாரியில் கொட்டிய செம்மண்ணிலேயே கிழங்காகவும் கணுவாகவும் வந்து இறங்கியவை. இரண்டு முறை கொத்திப் பார்த்தும் போகவில்லை என்றானதும், உரக்கடைக்குப் போய் ‘புல்லுக்கு மருந்து’ என்று கேட்டு ஒரு பாட்டிலை வாங்கிவந்து தெளிப்பது வழக்கமாகிவருகிறது. வேண்டிய செடியை விட்டுவிட்டு வேண்டாததை மட்டும் அழிக்கும் களைக்கொல்லிகள் உண்மையிலேயே இருக்கின்றன. அளவோடு பயன்படுத்தினால் அவை நல்ல கருவிகள் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அழிக்க வேண்டிய செடி எது என்று தெரிந்தவர் கையில்தான் அவை கருவி. அந்த அறிவை வீட்டுத் தோட்டக்காரருக்குக் கொடுக்க இன்று எவரும் பொறுப்பேற்கவில்லை. மருந்து மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.

இந்த மருந்துகள் எப்படி ஆளறிந்து வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும். குயிசலோஃபாப், ஃபுளுவாசிஃபாப், ஃபினாக்ஸாப்ராப் போன்றவை புல் குடும்பத்துச் செடிகளைக் கொல்பவை. செடிக்குள் கொழுப்பமிலம் உருவாக உதவும் ஒரு நொதியை அவை முடக்குகின்றன. அகன்ற இலைச் செடிகளில் அந்த நொதி வேறு வடிவில் இருப்பதால் மருந்து அதைத் தொடுவதில்லை. அதனால்தான் செம்பருத்தியின் மேல் துளி பட்டாலும் செடி பிழைத்துக்கொள்கிறது, அதன் காலடியில் படர்ந்த அருகு சாகிறது. சாவதும் உடனே நடப்பதில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் மேலே பச்சையாகவே இருக்கலாம். நடுக்குருத்தை இரு விரலால் பிடித்து இழுத்தால், அடிப்பகுதி பழுப்பாக அழுகி, எதிர்ப்பில்லாமல் கழன்று வரும். மருந்து பிடித்ததற்கு அதுதான் அடையாளம். இதை அறியாதவர் மூன்றாம் நாளே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மறுபடியும் தெளிக்கிறார். தண்ணீரில்லாமல் வாடிக்கிடக்கும் புல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது என்பதும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. காய்ந்த தரையில் நண்பகல் வெயிலில் அடித்த மருந்து பெரும்பாலும் வீண்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் கோரையால் வருகிறது. பார்வைக்குப் புல்போல இருந்தாலும் கோரை புல் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கணுவும் இருக்கும். இந்த ஒரு சோதனைக்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். புல்லைக் கொல்லும் மருந்து கோரையை ஒன்றும் செய்யாது. கோரைக்கென்று ஹாலோசல்ஃப்யூரான் போன்ற வேறு வகை மருந்துகள் உண்டு; நம் நாட்டில் கரும்புத் தோட்டங்களில் பயன்படுகின்றன. ஆனால், கடையில் ‘புல்லுக்கு’ என்று கேட்டவருக்குப் புல்மருந்துதான் கிடைக்கும். அவர் அதைக் கோரைமேல் அடித்து, பலனில்லை என்று அளவைக் கூட்டி மீண்டும் அடித்து, கடைசியில் எல்லாவற்றையும் பொசுக்கும் கிளைபோசேட்டுக்குப் போகிறார். புல்தரையே போய்விடுகிறது. சில வாரங்களில் மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகளிலிருந்து முதலில் முளைப்பதும் கோரைதான். உலகின் மிக மோசமான களைகளைத் தொகுத்து 1977-இல் லெராய் ஹோம் குழுவினர் வெளியிட்ட நூல், கோரைக்கே முதலிடம் கொடுத்தது. நிலத்தடியில் கிழங்குகள் சங்கிலிபோலத் தொடர்ந்திருக்கின்றன. மேல்முளையை வெட்டினால் உறங்கிய மொட்டு விழித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட செடியை இனம் தெரியாமல் எதிர்கொண்டால், செலவழித்த மருந்து முழுவதும் மண்ணுக்கும் நீருக்கும்தான் போய்ச் சேரும்.

அதே பட்டியலில் இரண்டாம் இடம் அருகம்புல்லுக்கு. பூப்பாத்தியில் அது களை. ஆனால், நம் ஊர் விளையாட்டுத் திடல்களிலும் பூங்காக்களிலும் புல்தரையாக விரிந்திருப்பதும் அதே இனமும் அதன் கலப்புகளும்தான். ஆகவே புல்தரைக்குள் வளரும் வேண்டாத புல்லைப் புல்மருந்தால் நீக்குவது, பாத்தியில் நீக்குவதுபோல் எளிதல்ல. இரண்டும் ஒரே குடும்பம் என்றால் மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இனத்துக்கு இனம் தாங்கும் திறனில் உள்ள சிறு வேறுபாட்டை நம்பித்தான் தெளிக்க வேண்டும். வீட்டில் ஒரு மூடியைக் கவிழ்த்து ஊற்றி அளப்பவருக்கு அந்த நுணுக்கம் கைகூடாது. புல்தரையில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி என்ற மருந்தை உலகெங்கும் அடிக்கிறார்கள். 1940-களில் வந்த அந்த மருந்து புல்லை விட்டுவிட்டு மற்றவற்றைச் சாய்க்கிறது. அதன் எஸ்டர் வகை ஆவியாகிக் காற்றில் போகும் தன்மையுடையது. பருத்தி, தக்காளி, திராட்சை மூன்றும் அதற்கு மிக எளிதில் பாதிக்கப்படுபவை. நம் வெயிலில், மதில் இரண்டடி தள்ளியிருக்கும் தெருவில், ஒருவர் புல்தரைக்கு அடித்த மருந்து பக்கத்து வீட்டு மாடித் தக்காளியின் இலையைச் சுருள வைத்துவிடும்.

தேர்ந்து கொல்லும் திறன் நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. ‘இம்ப்ரெலிஸ்’ என்ற புல்தரைக் களைக்கொல்லியை டூபாண்ட் நிறுவனம் 2010-இல் உரிமம் பெற்றுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புல்லுக்குப் பாதுகாப்பானது, களைக்கு மட்டும் எமன் என்ற நம்பிக்கையில் தொழில்முறைப் பராமரிப்பாளர்கள் தெளித்தார்கள். மறு ஆண்டு கோடையில் புல்தரைகளின் ஓரத்தில் நின்ற நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளைப் பைன் மரங்கள் பழுத்துக் காயத் தொடங்கின. புல்லின்மேல் அடித்ததை மரத்தின் வேர் குடித்திருந்தது. 2011 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. 2014-இல் நிறுவனம் சுமார் 18.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே தெளித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். உறையிலும் புல்தரைக்கென்றே வழிமுறை அச்சிட்டிருந்தது. அப்படியிருந்தும் மரங்கள் செத்தன. எந்த வழிமுறையும் இல்லாத நம் நிலைமையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நம் கடைகளில் கிடைக்கும் குயிசலோஃபாப் எத்தில் 5 சதவீதக் கரைசலை எடுத்துக்கொள்வோம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இதன் உறையில் உள்ள பயிர்கள் சோயா, பருத்தி, நிலக்கடலை, உளுந்து, வெங்காயம் போன்றவை. பூப்பாத்தி, புல்தரை என்ற சொற்களே கிடையாது. அளவு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 400 மில்லி. வீட்டுத் தோட்டம் ஏக்கர் கணக்கில் இருப்பதில்லை. கணக்கைச் சென்ட்டுக்கு இறக்கினால் 4 மில்லி வருகிறது. இரண்டு லிட்டர் நீரில் 4 மில்லி, அவ்வளவுதான். அரை சென்ட் பாத்திக்கு 2 மில்லி போதும். 250 மில்லி பாட்டில் ஒன்று 60 சென்ட்டுக்கு மேல் வரும். அந்தப் பாட்டிலை வாங்கியவர் மூடியால் அளந்து ஊற்றினாலே பல மடங்கு போய்விடுகிறது. மிச்சம், குழந்தைகள் கைக்கு எட்டும் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இந்த மருந்து மீன்களுக்குக் கடும் நஞ்சு. கைத்தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் மழைநீர் வடிகாலில் இறங்கினால் அது எங்கே போகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அப்படியானால் ரசாயனமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்பது ஒரு தரப்பின் வாதம். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால், அந்தத் தரப்பு முன்வைக்கும் மாற்றுகள் எல்லாம் நல்லவை அல்ல. உப்பும் வினிகரும் கலந்து ஊற்றும் முறை சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவுகிறது. வினிகர் மேலிலையைத்தான் சுடும், கிழங்கைத் தொடாது. உப்பு மண்ணிலேயே தங்கி, பூச்செடியின் வேரையும் கெடுக்கும். நம் கடலோர நகரங்களின் மண்ணுக்கு மேலும் உப்பு சேர்ப்பதை இயற்கை வழி என்று அழைப்பது சரியாகாது. சமையலறையில் இருக்கும் பொருள் என்பதால் மட்டும் ஒன்று மண்ணுக்கு நல்லதாகிவிடாது. உளுந்து வயலில் அரசே அனுமதித்த மருந்தை, ரோஜாப் பாத்திக்குள் வேரோடிய அருகின்மேல், அளந்து, ஒரு முறை, காற்றில்லாத காலையில் அடிப்பது அதைவிடக் குறைந்த கேடு. முள்செடிகளின் தூரில் பின்னிக்கொண்ட அருகைக் கையால் முழுக்க எடுக்க முடியாது. எடுக்கப் போனால் ரோஜாவின் வேரும் சேர்ந்து வரும். மருந்துக்கு நியாயமான இடம் இதுதான். அப்போதும் பக்கத்தில் எலுமிச்சைப் புல், வெட்டிவேர், மூங்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவையும் புல் குடும்பமே.

கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை, மருந்துதான் மலிவு என்பது அடுத்த வாதம். குடியிருப்போர் சங்கங்களில் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால், மருந்தின் மலிவு சில ஆண்டுகளுக்குத்தான். ஹரியானாவின் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்ததில், பலாரிஸ் மைனர் என்ற களைப்புல் 1990-களின் தொடக்கத்திலேயே அதற்கு அசையாததாக மாறிவிட்டது. பிறகு மாற்றாக வந்த ஃபினாக்ஸாப்ராப், குளோடினாஃபாப் மருந்துகளுக்கும் அதே கதி நேர்ந்தது. ஒரே மருந்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், தாக்குப்பிடிக்கும் செடிகளை நாமே பொறுக்கி வளர்க்கிறோம். மாறாக, அருகம்புல் நிழலில் நலியும்; பாத்தியில் செடிகளை நெருக்கி வைத்துத் தரையை நிழலாக்கினால் அதன் வேகம் குறையும். தேங்காய் மட்டைத்தூளோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் விதையிலிருந்து முளைக்கும் களைகள் பெரிதும் அடங்கும். புல்லை ஒட்டக் கத்தரிக்காமல் சற்று உயரமாக விட்டால் புல்தரையே களையை நெருக்கும். கோரைக்கிழங்கு வெயிலில் காய்ந்தால் செத்துவிடும் என்பதால், புதிதாகப் புல் பதிக்கும் முன் மண்ணைக் கோடையில் ஓரிரு வாரம் புரட்டிக் காயவைப்பது பிறகு அடிக்கும் எந்த மருந்தைவிடவும் பலன் தரும். கட்டி முடித்த வீட்டை அவசரமாகப் பச்சையாக்கிக் காட்டும் ஒப்பந்ததாரர்கள் இந்த இரண்டு வாரத்தைத் தருவதில்லை. செலவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முழுத் தடை தீர்வாகுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009-இல், அழகுக்காக மட்டும் புல்தரையிலும் தோட்டத்திலும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிப்பதைத் தடை செய்தது. விவசாயத்துக்கு விலக்கு அளித்தது. அதற்குப் பிறகு நகர ஓடைகளில் 2,4-டி உள்ளிட்ட களைக்கொல்லிகளின் அளவு தெளிவாகக் குறைந்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். அழகுக்காக நஞ்சு வேண்டாம் என்ற அந்த நியாயம் புல்தரையைப் பொறுத்தவரை எனக்கு ஏற்புடையது. ஆனால், முன்னேற்பாடில்லாத தடை என்ன செய்யும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2015-இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். தேயிலைத் தோட்டங்கள் திணறின. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள். 2022-இல் தடையையே விலக்கினார்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் மத்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு எவரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. வீட்டுத் தோட்டத்தில் கிளைபோசேட் அடிப்பவர்களில் எத்தனை பேர் காதுக்கு அது எட்டியிருக்கும்? காகிதத்தில் உள்ள கட்டுப்பாடு கடை மேசைவரை வர வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. மத்தியப் பதிவுக் குழு, வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற ஓரிரு மருந்துகளை மட்டும் முறையாகச் சோதித்து, 10 மில்லி அளவிலான சிறு பொதியில், சென்ட் கணக்கில் அளவும் எந்தச் செடிமேல் படக் கூடாது என்ற பட்டியலும் தமிழில் அச்சிட்டு அனுமதிக்க வேண்டும். அதுவரை விவசாய உரிமம் பெற்ற பெரிய பாட்டில்களை வீட்டுத் தோட்டத்துக்கு விற்பதை மாநில வேளாண் துறை நிறுத்த வேண்டும். வாசகர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இன்னும் எளிது. கடைக்குப் போகும் முன் அந்தக் களையை வேரோடும் கிழங்கோடும் பிடுங்கி, தண்டை உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் புல்மருந்தை வாங்காதீர்கள். பெயர் தெரியவில்லை என்றால், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ அதை எடுத்துச் சென்று காட்டிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.